இல்லை என்று சொல்லும் பொறுப்பு

மிதிவெடி அகற்றும் பணியில் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குத் தரும் தகவல் பெரும்பாலும் ஓர் இன்மையைப் பற்றியது. இந்த வரப்புக்கு வடக்கே வெடி இல்லை. இந்தக் கிணற்றடியில் தேடியாயிற்று. இந்தப் பனந்தோப்பில் யாரும் எதையும் புதைக்கவில்லை என்று ஊரார் சொல்கிறார்கள். இத்தகைய கூற்றுகளே வரைபடமாகவும் அறிக்கையாகவும் தரவுத்தளப் பதிவாகவும் கைமாறுகின்றன. இருக்கும் பொருளைத் தோண்டிக் காட்டிவிடலாம். இல்லாததை எப்படி அறிவது, அறிந்ததாக எப்போது சொல்வது, ஒருவர் அறிந்த இன்மையை மற்றவர் எந்த அளவுக்கு நம்பலாம் என்பவை இந்திய மெய்யியலார் நூற்றாண்டுகளாக வாதிட்டு வந்த கேள்விகள். நிறுவனங்களுக்கிடையிலான தகவல் பகிர்வைத் திட்டமிடுவது கணினி அறிந்தவர்களின் வேலை என்று ஒதுக்கப்படுவதுண்டு. அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அளவையியலின் கேள்வியும் அறத்தின் கேள்வியும் இருக்கின்றன.

தமிழர் வாழும் நிலங்களில் இந்தக் கேள்வி உயிர்ப்பிரச்சினையாக எழுந்த இடம் இலங்கையின் வடக்கும் கிழக்கும். கிளாலியில் தொடங்கி முகமாலை வழியாக நாகர்கோவில் கடற்கரை வரை நீண்ட முன்னரங்கில் அரச படையும் விடுதலைப் புலிகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்றன. இரு தரப்பும் மிதிவெடிகளைப் புதைத்தன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்ததும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு அகற்றும் பணி ஒழுங்குபட்டது. ஹலோ டிரஸ்ட், மேக் போன்ற பன்னாட்டு அமைப்புகள் வந்தன. வன்னியில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவு வேலை செய்தது. இலங்கைப் படையின் பொறியியல் பிரிவினரும், ஓய்வுபெற்ற இந்தியப் படையினரைக் கொண்ட ஹொரைசன், சர்வத்ரா ஆகிய நிறுவனங்களும் களத்தில் இறங்கினர். 2009க்குப் பிறகு டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு அமைப்புகள் சேர்ந்தன. இத்தனை கைகள் தனித்தனியே அறிந்ததைச் சேர்த்து வைக்கப் பயன்பட்டது இம்ஸ்மா என்னும் தகவல் முறை. ஜெனீவா மனிதநேயக் கண்ணிவெடி அகற்றல் மையம் உருவாக்கிய இம்முறை முதன்முதலில் 1999இல் கொசோவோவில் பயன்பட்டது. 2010இல் அமைந்த தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் இப்போது இலங்கையில் இத்தகவலைக் காக்கிறது.

ஆனால் ஒரே தரவுத்தளம் இருப்பது ஒரே அறிவு இருப்பதாகிவிடாது. ஒரு நிலம் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்க மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில், ஊராரையும் முன்னாள் போராளிகளையும் படையினரையும் கேட்டு, பழைய பதிவுகளைப் பார்த்து, இங்கே வெடி இருந்ததற்கு ஆதாரமே இல்லை என்று தெளிந்தால் நிலம் பட்டியலிலிருந்து ரத்தாகிறது. இரண்டாவதில், சில கீற்றுகளை மட்டும் கருவிகொண்டு சோதித்து, எஞ்சிய பகுதியைப் பற்றி முடிவு செய்து ஆபத்துப் பரப்பு குறைக்கப்படுகிறது. மூன்றாவதில், முழு நிலமும் குறித்த ஆழம் வரை தேடப்பட்டு, கிடைத்த வெடிகள் அகற்றப்படுகின்றன. மூன்றின் முடிவிலும் வரைபடத்தில் ஆபத்தைக் காட்டும் சிவப்பு மறைந்துவிடுகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு மூன்றும் ஒன்றுதான். அவர் கலப்பையோடு இறங்கப் போகிறார். அறிந்த முறையிலோ இவை ஒன்றுக்கொன்று வேறானவை.

அறியும் முறைகளின் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டிய பழைய தமிழ் நூல் ஒன்று கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூரோடு தொடர்புடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்னும் சைவ நூலை இயற்றிய அருணந்தி சிவாசாரியாரின் ஊர் அது. அந்நூல் இறைவனைப் பற்றிப் பேசுவதற்கு முன், எதைக் கொண்டு எதை அறிகிறோம் என்று கேட்டுத் தொடங்குகிறது. பிற நெறியார் சொல்லும் அளவைகளைப் பத்து வரை எண்ணிவிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிவு கட்டுகிறது. நிலத்தை விடுவிக்கும் மூன்று வழிகளும் இந்த மூன்றோடு பெரிதும் பொருந்தி வருவது வியப்பானது. ஊராரைக் கேட்டு ரத்துச் செய்வது உரையின் மேல் நிற்கிறது. கீற்றுகளைச் சோதித்து மீதியை முடிவு செய்வது கருதல். முழு நிலத்தையும் தோண்டித் தேடுவது காண்டல். சைவ ஆசிரியருக்குத் தெரிந்திருந்த ஒன்று இன்றைய தரவுத்தளம் அமைப்பவருக்கும் தெரிய வேண்டும்: அறிவு கைமாறும்போது அதை ஈட்டிய அளவையும் உடன் செல்ல வேண்டும். ‘விடுவிக்கப்பட்டது’ என்ற ஒரே பெட்டியில் மூன்றையும் போட்டுவிட்டால், பெறுகிறவர் உரையைக் காட்சி என்று எண்ணிவிடுவார்.

அந்தப் பத்து அளவைகளில் ஒன்று அபாவம், அதாவது இன்மை. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பட்டியலிலும் அது உண்டு. இன்மையை அறிவதற்குத் தனி அளவை வேண்டுமா என்பதில் பெரிய பிளவு இருந்தது. குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர் வேண்டும் என்றனர். அத்வைத வேதாந்திகளும் அதை ஏற்றனர். பிரபாகரரின் வழியினர் மறுத்தனர். நையாயிகர் இன்மையும் புலனுக்கே எட்டும் என்றனர். இந்தப் பூசலுக்கு நடுவே எல்லோருக்கும் பயன்படும் ஒரு நிபந்தனை தெளிவாகியது. தரையில் குடம் இல்லை என்று சொல்ல, குடம் காணப்படாமல் இருந்தால் போதாது. குடம் அங்கே இருந்திருந்தால் காணப்பட்டே இருக்கும் என்ற நிலையும் வேண்டும். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பதால் குடம் இல்லை என்று ஆகாது. காணத் தகுந்தது காணப்படாமையே இன்மையை அறிவிக்கும்.

மிதிவெடி நிலத்தில் இந்த நிபந்தனையின் கனம் முழுதும் தெரியும். மெட்டல் டிடெக்டர் ஒலிக்கவில்லை என்பது எதை அறிவிக்கிறது? புலிகள் உள்ளூரில் செய்த ஜொனி 95 மரப்பெட்டியில் அமைந்தது. அரச படை பயன்படுத்திய பாகிஸ்தானியத் தயாரிப்பான பி-4 பிளாஸ்டிக் உடல் கொண்டது. இரண்டிலும் உலோகம் குறைவு. சில வகை மண்ணில் கருவியின் கூர்மை மங்கும். ஷெல் சிதறல் நிறைந்த பழைய போர்முனையில் கருவி ஓயாமல் ஒலித்து எதையும் பிரித்துச் சொல்லாமற் போகும். இலங்கையில் இரும்பு வாரிகளால் மண்ணைக் குறித்த ஆழம் வரை கீறித் தேடும் முறை பரவலாகப் பயன்படுவதற்கு இந்த நிலைமைகளும் காரணம். வாரியால் தேடியவரின் ‘இல்லை’ ஒரு தகுதியுடையது. டிடெக்டரால் தேடியவரின் ‘இல்லை’ வேறு தகுதியுடையது. ஆகவே ஓர் இன்மைக் கூற்றோடு கருவி எது, ஆழம் எவ்வளவு, எந்த வகை வெடிகளைத் தேடினர், எந்த நாளில் என்பவை சேர்ந்தே செல்ல வேண்டும். இவை இணைப்பில் வைக்கும் உபரி விவரங்கள் அல்ல. இவை இல்லாதபோது அந்தக் கூற்று இருட்டறையில் குடம் தேடியவரின் கூற்றாகிவிடுகிறது.

நாளைக் குறிப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டும். போர்நிறுத்தம் சிதைந்து 2006இல் சண்டை மீண்டபோது புதிய வெடிகளும் புதைக்கப்பட்டன. 2004இல் முழு உண்மையாக இருந்த ‘இல்லை’ 2009 மே மாதத்தில் பொய்யாகியிருக்கலாம். சொன்னவர் மேல் எந்தப் பிழையும் இல்லை. நாளிடப்படாத இன்மை, பகிரத் தகாத இன்மை. இடத்தைக் குறிப்பதிலும் இதே கண்டிப்பு வேண்டும். இலங்கையின் பழைய நில அளவை வரைபடங்கள் கந்தவல எனப்படும் நில அளவை ஆதாரத்தில் அமைந்தவை, ஜி.பி.எஸ். கருவிகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆதாரத்தில் இடம் காட்டுகின்றன. ஒன்றின் எண்களை உரியபடி மாற்றாமல் மற்றொன்றில் இட்டால், புள்ளி வேறு ஒருவரின் காணிக்குள் போய் விழும். சித்தியார் காட்சிக்குச் சொல்லும் குற்றங்களான ஐயமும் திரிவும் இங்கே அலுவலக மேசையில் நிகழ்கின்றன. களத்தில் பிழையின்றிக் கண்டது கணினியில் திரிந்து போகிறது.

தருக்க நூல்கள் இன்மையை நான்காகப் பிரிக்கின்றன. அவற்றுள் இரண்டு இங்கு வேண்டியவை: ஒரு பொருள் அழிந்தபின் உண்டாகும் அழிவுபாட்டபாவம், ஒரு பொருள் ஓரிடத்தில் எக்காலத்தும் இல்லாதிருக்கும் முழுதுமபாவம். வெடிகளை எடுத்த நிலத்தில் உள்ளது முதல் வகை. வெடியே புதைக்கப்படாத நிலத்தில் உள்ளது இரண்டாம் வகை. இந்தப் பிரிவு ஏட்டோடு நிற்பதல்ல. வரிசையாகப் புதைத்த நிலத்தில் வெடிகள் குறித்த இடைவெளியில் கிடைக்கும். ஓரிடத்தில் வரிசை விட்டுப்போனால், அங்கே ஒன்று தவறியிருக்கலாம் என்ற ஐயம் எழும். அந்த வெடி மழைநீரில் பெயர்ந்ததா, விலங்கு மிதித்து வெடித்ததா, இன்னும் கிடக்கிறதா என்று அடுத்துப் பார்க்கிறவர் தேடத் தெரிந்துகொள்வார். அதனால்தான் ‘இங்கே இத்தனை வெடிகள் எடுத்தோம்’ என்ற தொகை மட்டும் போதாது. ஒவ்வொன்றும் எந்தப் புள்ளியில் கிடைத்தது என்பதும் பகிரப்பட வேண்டும். ரத்தான நிலத்தில் பிழை நேர்ந்தால் அது ஒரு வெடி தவறிய பிழையாக இராது. முழு வரிசையே யாருக்கும் தெரியாமற் போன பிழையாக இருக்கும்.

அடுத்த கேள்வி நம்பிக்கை. ஒரு நிறுவனம் தந்த தகவலை மற்றொன்று அப்படியே ஏற்கலாமா? இதற்கும் பழைய வாதம் ஒன்று துணை செய்கிறது. அறிவு தன்னியல்பாலேயே மெய், அதைக் கெடுக்கும் மற்றோர் அறிவு எழும் வரை ஐயப்படக் காரணம் இல்லை என்பது மீமாஞ்சகர் கொள்கை. அறிவின் மெய்ம்மை அதற்குப் புறம்பான ஒன்றால்தான் உறுதிப்படும், அந்த அறிவைக் கொண்டு செயலில் இறங்கிப் பயன் பெறும்போது அது மெய் என்று தெளிகிறது என்பது நையாயிகர் கொள்கை. அன்றாட வாழ்வுக்கு இரண்டில் எதுவும் ஒத்துவரும். மிதிவெடி நிலத்தில் இரண்டாவதை அப்படியே கைக்கொண்டால் கொடுமை விளையும். அங்கே செயலில் இறங்குவது நடப்பது. நடந்து பார்த்துச் சோதிப்பவர் தகவலைத் தந்தவரும் அல்லர், பெற்றுச் சேமித்தவரும் அல்லர்; விறகு பொறுக்கப் போகும் பெண், பழைய இரும்பு சேர்க்கப் போகும் பையன். அறிந்தவர் ஒருவர், அந்த அறிவு பிழைத்தால் கால் இழப்பவர் வேறொருவர் என்பதே இத்தொழிலின் அறச் சிக்கல் முழுவதற்கும் வேர்.

ஆகவே இரு கொள்கைகளையும் இரு வகைக் கூற்றுகளுக்குப் பிரித்து வைப்பதே தகும். ‘இங்கே ஆபத்து உண்டு’ என்ற செய்தியை மீமாஞ்சகர்போல் உடனே ஏற்க வேண்டும். மறுக்கும் சான்று வரும்வரை அதை வரைபடத்தில் வைக்க வேண்டும். ‘இங்கே ஆபத்து இல்லை’ என்ற செய்தியை நையாயிகர்போல் புறச்சான்று கேட்டே ஏற்க வேண்டும். அந்தச் சான்று மக்கள் கால் வைப்பதற்கு முன்பே கிடைத்துவிட வேண்டும். அகற்றியவர் அல்லாத வேறொரு குழு நிலத்தின் ஒரு பகுதியை மீண்டும் தேடிப் பார்க்கும் தரச்சோதனை இதற்காகவே இருக்கிறது. பகிர்வுத் திட்டத்தில் தரச்சோதனையின் முடிவு ஒரு நிறுவனத்தின் உள் ஆவணமாக முடங்கக் கூடாது. அது அந்த ‘இல்லை’யின் ஓர் உறுப்பு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆபத்தை எளிதில் ஏற்று, ஆபத்தின்மையை அரிதாகவே ஏற்றால் வரைபடத்தில் சிவப்பு பெருகிக்கொண்டே போகும். அந்தச் சிவப்புக்குள் உண்மையில் வெடியே இல்லாத வயலும் தென்னந்தோப்பும் கோயிலும் அகப்பட்டுக் கிடக்கும். அவற்றுக்கு உரியவர்கள் முகாமிலோ உறவினர் வீட்டிலோ காலம் தள்ள வேண்டிவரும். தேவையற்ற இடத்தில் வாரி இழுக்கும் ஒவ்வொரு நாளும் தேவையான இடத்தில் இழுக்காத நாள். இந்த மறுப்பு சரியானது. ஐயமும் ஒரு தீங்கு செய்யும்; அச்சத்தை நல்லொழுக்கமாக எண்ணிப் பதுங்கிக்கொள்ள நிறுவனங்களுக்கு உரிமை இல்லை. சர்வதேசத் தரநிலைகள் இதனால்தான் முழு நிச்சயத்தைக் கேட்பதில்லை. நியாயமான எல்லா முயற்சியும் செய்யப்பட்டதா என்று கேட்கின்றன. அந்த முயற்சி இன்னதென்று பிறர் படித்து எடைபோடும்படி எழுதி வைத்தால், ரத்துச் செய்யும் துணிவும் நேர்மையானதாகும். எழுதி வைக்காத துணிவு பிறர் உயிரின் மேல் ஆடும் ஆட்டம்.

உரை என்னும் அளவைக்கு நம்பத்தகுந்த உரையாளர் வேண்டும். நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர் அவருக்கு இரண்டு இலக்கணம் சொல்கிறார்: பொருளை நேரே அறிந்திருத்தல், அறிந்தபடியே பிறருக்கு அறிவிக்கும் விருப்பம். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்க்கிறார். குலமும் பட்டமும் பார்க்காத இந்த வரையறை இன்றும் புத்துயிரோடு இருக்கிறது. மாடு மேய்த்தவர், பனையேறியவர், எல்லைக்காவலில் நின்ற சிப்பாய், வெடியைப் புதைத்த முன்னாள் போராளி என எவரும் நம்பத்தகுந்த உரையாளராகலாம். அகற்றும் நிறுவனத்தின் அறிக்கை ஆங்கிலத்தில் அச்சடித்து வந்திருப்பதனால் மட்டும் அது மாடு மேய்த்தவரின் சொல்லைவிட உயர்ந்த உரை ஆகிவிடாது. ஊராரின் சொல்லுக்குத் தரவுத்தளத்தில் தனி இடம் வேண்டும். நிறுவனத்தின் முடிவுக்குள் அது கரைந்து மறையக் கூடாது.

வாத்ஸ்யாயனரின் இரண்டாவது இலக்கணமாகிய அறிவிக்கும் விருப்பத்தில்தான் பெரும்பாலான பகிர்வுகள் தடைப்படுகின்றன. படைக்கு இரகசியம் பற்றிய கவலை. உதவி நிறுவனங்களுக்கு நிதி பற்றிய கவலை. விடுவித்த சதுர மீட்டர்களே வெற்றியாக எண்ணப்படும் இடத்தில் நல்ல வரைபடம் ஒரு போட்டிச் சொத்தாகத் தோன்றும். முன்னாள் போராளிக்குத் தன்னைப் பற்றிய கவலை: இடத்தைக் காட்டினால் புதைத்தவன் நானே என்று ஒப்புக்கொண்டதாகும். இம்மூன்று மௌனங்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. படையைப் பொறுத்தவரை சட்டமே பேசிவிட்டது. மரபுவழி ஆயுத உடன்படிக்கையின் 1996ஆம் ஆண்டுத் திருத்திய இரண்டாம் நெறிமுறை, கண்ணிவெடி நிலங்களைப் பதிவு செய்யவும் சண்டை ஓய்ந்தபின் அந்தப் பதிவுகளைத் தரவும் கட்டளையிடுகிறது. இலங்கை 2004இல் அதை ஏற்றது. நிதிக்கவலை பேசும் நிறுவனத்துக்கு அறவழியில் எந்த நியாயமும் இல்லை. ஆபத்தைப் பற்றிய அறிவு அதைத் திரட்டியவரின் உடைமை ஆகாது. அந்த நிலத்தில் நடக்கப் போகிறவருக்கு அவர் பட்ட கடன் அது. மூன்றாமவரின் அச்சம் உண்மையானது. அவருக்கு அறவுரை சொல்வது மட்டும் பயன் தராது. எங்கே, எப்போது, என்ன வகை, எத்தனை என்று கேட்கும் படிவம், யார் புதைத்தார் என்று கேட்கக் கூடாது. பெற்ற தகவல் அகற்றும் பணிக்கன்றி வேறெதற்கும் போகாது என்ற உறுதி அவருக்குக் கிடைக்க வேண்டும். அந்த உறுதியைத் தர முடியாத நிறுவனம் அவரிடம் கேள்வி கேட்கும் தகுதியையும் இழக்கிறது.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் தருவதே பகிர்வு என்றும் கொள்ளக் கூடாது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் தீமை விளைக்காத சொல்லையே வாய்மை என்று கொள்கிறது. வெடியில் காயப்பட்டவரின் பெயர், வயது, ஊர், இழந்த உறுப்பு ஆகியவையும் இம்ஸ்மா போன்ற முறைகளில் பதிவாகின்றன. செயற்கைக் கால் பொருத்துபவருக்கும் வாழ்வாதார உதவி தருபவருக்கும் இவற்றில் சில தேவை. நிலத்தை ஆய்பவருக்கு விபத்து நடந்த இடமும் நாளும் வெடியின் வகையும், அவர் அப்போது என்ன வேலையில் இருந்தார் என்பதும் போதும், பெயர் வேண்டியதில்லை. இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்து வைக்காத திட்டம், பிற்பாடு ஒருவரின் துயரத்தை நிறுவனத்துக்கு நிறுவனம் சுற்றவிடும். இடம் பற்றிய தகவலில் அடைப்பதற்குக் காரணம் தேட வேண்டும்; ஆள் பற்றிய தகவலில் திறப்பதற்குக் காரணம் தேட வேண்டும்.

விடுவித்த நிலத்தில் பின்னொரு நாள் வெடி கண்டெடுக்கப்பட்டால் அதுவே முன் அறிவைக் கெடுக்கும் அறிவு. அந்தச் செய்தி முதலில் தேடியவரிடம் போய்ச் சேர வேண்டும். எந்தக் குழு, எந்தக் கருவி, எந்த வாரம் என்று பின்னோக்கிப் போக முடிந்தால், அதே குழு அதே கருவியோடு தேடிய மற்ற நிலங்களையும் மீண்டும் பார்க்கலாம். தண்டனைக்கு அஞ்சி இச்செய்தி மறைக்கப்படும் சூழலில் பிழை ஒரு நிலத்தோடு நிற்காது. எனவே நேர்மையான தவறுக்கும் கவனக்குறைவுக்கும் வேறுபாடு காணும் விதியைப் பகிர்வு ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதுவது, மென்பொருளைத் தேர்வதைவிட அவசரமான வேலை.

இலங்கை 2017 டிசம்பர் 13 அன்று மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. அறிந்த எல்லா நிலங்களையும் விடுவிக்க அந்த உடன்படிக்கை தரும் பத்தாண்டு 2028 ஜூன் 1 அன்று நிறைவுறுகிறது. வேலை முடியும்போது பன்னாட்டு நிறுவனங்கள் விடைபெறும். தேடிய கைகள் கலைந்து போகும். எஞ்சிய ஆபத்தைக் கையாளப் போகிறவர்களுக்குப் பதிவுகளே துணை. அவை கொழும்பிலோ ஜெனீவாவிலோ மட்டும் இருந்தால் போதாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் இருக்க வேண்டும். கடலூர் உள்ளிட்ட தமிழக மாவட்டங்களின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருந்துகொண்டு, வடக்கில் விட்டுவந்த காணிக்குத் திரும்பலாமா என்று எண்ணிப் பார்க்கும் குடும்பங்களும் கேட்டுப் பெற வழி இருக்க வேண்டும். அவர்கள் கையில் கிடைக்கும் தாளில் ‘பாதுகாப்பானது’ என்ற ஒரு சொல் மட்டும் போதாது. காணி எந்த வழியில் விடுவிக்கப்பட்டது, எந்த ஆண்டு, எந்த ஆழம் வரை, கிணறு வெட்டவோ அத்திவாரம் தோண்டவோ அதற்குக் கீழே போக வேண்டுமானால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவை தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.